வீட்டுக்காரர் செத்துக் கிடந்த பின்னேரம்

தொப்பென்று ஏதாவது தரையில் விழுந்தால் இன்றைக்கும் எண்ணத் தொடங்கிவிடுவேன். லவாலில் என் வீட்டு பேஸ்மென்ற்றில் மகன் புத்தகப்பையை எறிகிறான்: ஒன்று. சப்பாத்தைக் கழற்றி எறிகிறான்: இரண்டு. மூன்றாவது சத்தத்துக்கு முன்னமே நான் வில்லரேயில், பழைய வாடகை வீட்டின் மேல்மாடியில், பன்னிரண்டு வயதில், ஹீட்டர் காற்று வரும் துளையில் காதை வைத்துக் குந்தியிருப்பேன்.

கீழ்வீட்டில் இருந்ததெல்லாம் அந்தத் துளை வழியே எங்களிடம் ஏறி வரும். தக்காளி கொதிக்கும் மணம், ஞாயிறுதோறும் ஓடும் பழைய இத்தாலியப் படங்களின் சண்டை, அழுகை, எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரின் இருமல். அவர் இத்தாலியர். நகரமெல்லாம் குளியலறைகளுக்கு மாபிள் கல் பதித்து, முழங்கால் தேய்ந்து, ஓய்வெடுத்தவர். அவருடைய கத்தோலிக்கப் பங்குக் கோவில் மண்டபத்தில் வருடாவருடம் ஒரு சிரிப்பு நாடகம் போடுவார்கள். அந்தப் பனி மாரி முழுவதும் பின்னேரங்களில் அதைப் பழகினார். ஒரு வசனம், ஒரு விக்கல், பிறகு தொப். திரும்பவும் வசனம், விக்கல், தொப்.

"ஒரு நாளைக்கு எத்தினை தரந்தான் சாகிறார் இந்த மனுசன்?" என்று கேட்டபடி அம்மா மரக்கறி வெட்டுவார்.

வீட்டுக்காரர் எனக்குப் பிரெஞ்சில் சொன்ன கதையை நான் அம்மாவுக்குச் சொன்னேன். தனக்காக யார் யார் அழுவார்கள் என்று பார்க்க ஒரு முடிதிருத்துபவர் செத்தவர்போலக் கிடக்கிறார். அயலவர் வருகிறார்கள், பிஸ்கற் தின்கிறார்கள், போகிறார்கள். மனைவிக்கும் கண்ணீர் வருவதில்லை. கடைசியில் அவள் வெங்காயத்தை முகர, மணம் தாங்காமல் பிணம் எழும்பிவிடுகிறது.

"ஒருத்தரும் அழேல்லையோ?"

"அதுதானம்மா பகிடி."

"செத்த வீட்டிலை அழாமல் இருக்கிறதிலை என்ன பகிடி கிடக்கு?"

அதே மாரியில்தான் யாழ்ப்பாணத்தில் அம்மப்பா செத்துப்போனார். எங்கள் அகதிக் கேஸ் முடிந்திருக்கவில்லை. வெளியே போனால் திரும்பி வர ஏலாது. போனாலும் சண்டைக்குள் பாதை இல்லை. தொலைபேசியை வைத்த அம்மா அரிசியைக் கழுவி உலையில் போட்டார். அடுத்த நாள் தையல் தொழிற்சாலைக்குப் போனார். கோவிலில் அவருடைய ஆத்துமாவுக்குப் பூசைக்குச் சொன்னார். அழவில்லை. "எதைப் பிடிச்சுக்கொண்டு அழுறது?" என்று அப்பாவிடம் ஒருநாள் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது.

நாடகத்துக்கு வீட்டுக்காரர் எங்களை அழைத்தார். சனி, ஞாயிறு, பகல் இரண்டு மணி. எங்களுக்குச் சனிக்கிழமை. அப்பாவுக்கு வேலை, நானும் அம்மாவும் போனோம்.

மண்டபம் முழுக்க ஈரக் கோட்டுகளின் மணம். எங்களுக்கு மூன்றாவது வரிசை. மேடையில் அவர் விக்கி விழுந்தார். அதே தொப். கட்டிலில் கிடத்தி மெழுகுதிரி ஏற்றினார்கள். அயலவர் ஒவ்வொருவராக வந்து பிஸ்கற்றைக் கடித்தபடி ஏதோ சொல்ல, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்றாவது அயலவர் போனதும் அம்மா எழும்பினார். கழிப்பறைக்காக்கும் என்று காலை ஒதுக்கினேன். அம்மா மேடைப் படியில் ஏறினார். எங்கள் ஊரில் செத்த வீட்டுக்குப் போகிற பெண் ஒருவரோடும் கதைக்காமல் நேரே உடலடிக்குத்தான் போவாள். அம்மா அப்படித்தான் போனார். வீட்டுக்காரரின் இரண்டு பாதங்களையும் சொக்ஸோடு பிடித்துக்கொண்டார்.

"என்னைப் பெத்த அப்பு, நான் வந்திட்டன். கண்ணைத் திறந்து பாக்கமாட்டியளோ, அப்பு..."

சனம் சிரித்தது. நாலாவது அயலவள் என்று நினைத்திருக்கும். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு அணைந்து, அம்மாவின் ராகம் மட்டும் மிஞ்சியது. நான் முகம் எரிய, கூரைப் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெங்காயத்தோடு நின்ற மேடை மனைவி பிணத்தைப் பார்த்தாள். அது அவர் எழும்பவேண்டிய இடம். எழும்பியிருந்தால் எல்லாம் பகிடியோடு பகிடியாய்ப் போயிருக்கும். எழும்புங்கோ, எழும்புங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். மாரி முழுக்கச் செத்துச் செத்து எழும்பின மனுசன் அன்றைக்கு எழும்பவில்லை. வசனம் மறந்துபோச்சு என்று நினைத்தேன். அந்த மனைவி வெங்காயத்தைக் கட்டிலோரம் வைத்துவிட்டு அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய கன்னமும் நனைந்திருந்தது. வெங்காயத்தின் வேலை என்று நினைத்தேன்.

அம்மா அழுது முடித்தார். கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்து, சிலுவை போட்டு, இறங்கி வந்து என் பக்கத்தில் இருந்தார். "சரி, இனி நடக்கட்டும்," என்றார் என் காதுக்குள். அதற்குப் பிறகுதான் பிணம் எழும்பியது.

நாடகம் முடிந்து வாசலில் குளிர்ச்சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தோம். பவுடர் கலையாத முகத்தோடு வீட்டுக்காரர் வந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளச் சொல்லு, பிள்ளை," என்றார் அம்மா, நிலத்தைப் பார்த்தபடி.

சொன்னேன். அவர் குனிந்து பிரெஞ்சில் மெதுவாகப் பதில் சொல்லிவிட்டு, அம்மாவுக்குத் தலையசைத்து உள்ளே போனார்.

"என்னவாம்?"

"வெளியிலை வழுக்குதாம். பாத்துப் போகட்டாம்."

நக்கலடிக்கிறார் என்றே நினைத்தேன். அம்மாவுக்கு நோகக்கூடாது என்று மறைத்தேன். மறுநாள் ஞாயிறு. இரண்டு மணிக்குக் கீழ்வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அம்மா யன்னலடியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், நடந்தால் பத்து நிமிசம். முதல்நாள் வாசலில் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"நாளைக்கும் இரண்டு மணிக்குச் செத்துக் கிடப்பேன். அழுகை மிச்சமிருந்தால் அம்மாவை வரச் சொல்லு."