பஸ் வரும் பக்கம் பார்த்த கூண்டு

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

கரங்கானுக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கடைசி வீடு எங்களுடையது. என் மனைவி கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். காலையில் சிம்பாங் முச்சந்தியில் கம்பெனி பஸ் ஏறுவாள், பொழுது சாயும்போது அங்கேயே இறங்குவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு மஞ்சள் பூனை இருந்தது. கிளம்பும்போது அதனிடம்தான் குனிந்து "போயிட்டு வரேன்" என்பாள். பிறகு என்னைப் பார்த்து, "இதுகிட்ட சொன்னாலாவது ஒரு சத்தம் திரும்பி வருது" என்று சிரிப்பாள்.

அப்படிச் சொல்லிவிட்டுப் போன ஒருநாள், வேலை இடத்திலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. வந்த சனமெல்லாம் பேசாமல் எழுந்து போனது. எங்கள் வீட்டில் கடைசியாக அப்படிச் சொன்னவள் அவள்தான். பூனையிடம்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு பஸ் வரும் நேரம் ஆனால் பூனை செம்பனைக்குள் புகுந்து, குறுக்கே நடந்து, சிம்பாங்கில் போய் உட்காரும். பஸ் போனதும் திரும்பி வரும். நான் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது.

பிறகு தோட்டத்து வேலைகளைக் கவனிக்கும் மண்டோர் வந்து சொன்னார். "அண்ணே, அடுத்த வாரம் மரத்தடியில எலி மருந்து வைக்கிறோம். பூனைய வெளிய விட்றாதீங்க லா."

போன தடவை பக்கத்து வீட்டு அக்காவின் பூனைகள் மருந்து தின்ற எலியைத் தின்றுவிட்டு, மூக்கில் ரத்தத்தோடு சாக்கடைக் காணோரம் கிடந்தன. என் மனைவி கையால் சோறு தின்று வளர்ந்த உயிரென்று எனக்கு இது ஒன்றுதான் மிச்சம். அதுவும் அப்படிக் கிடப்பதைப் பார்க்க என்னால் முடியாது. கயிற்றில் கட்டினால் கழுத்தை இறுக்கிக்கொண்டது. வீட்டுக்குள் பூட்டினால் கதவைப் பிறாண்டியது. அதனால் கூண்டு கட்டினேன்.

ஆடோ கோழியோ, எங்கள் பக்கம் எந்தக் கூண்டும் வீட்டுக்குப் பின்னால்தான். முன்வாசல் சாமிக்கும் மனுஷனுக்கும். நானும் அப்படியே செய்தேன். பாம்பு நுழையாதபடி சின்னக் கண்ணுள்ள கம்பி வலை வாங்கி, அடியை மண்ணுக்குள் புதைத்துச் செங்கல் வைத்தேன். பூனை ஏறிக் குதிக்கும் என்று மேலேயும் வலை அடித்து, வெயிலுக்குப் பாதி சிங்க் தகடு போட்டேன். உட்கார உயரத்தில் ஒரு பலகை. குசினி சன்னலில் இருந்து நேரே அதற்குள் போக ஒரு வழி. ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன்.

பூனை சோற்றைத் தொடவில்லை. பஸ் நேரம் வந்தால் வலையில் மோதி மோதி மூக்குத் தோல் உரிந்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மருந்துக்குத் தப்பினாலும் பட்டினியில் போய்விடும் போலிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று பார்த்தார்.

"தம்பி, அது எந்தப் பக்கம் பாத்துக் கத்துது?"

"ரோட்டுப் பக்கம்க்கா."

"நீ என்னடான்னா செவுத்தப் பாக்க வச்சிருக்க."

"முன்வாசல்ல கூண்டு வச்சா ஊரே சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டுமே. உன் பல்லா கொட்டிரப் போவுது?"

மறுநாளே எல்லாவற்றையும் பிரித்து முன்வாசலுக்குக் கொண்டுபோய்க் கட்டினேன். கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் நடைபாதையை ஒட்டியே வலை ஓடியது. பலகையில் உட்கார்ந்தால் சிம்பாங் தெரியும். மோட்டார் சைக்கிளில் போனவர்கள் சும்மா போகவில்லை. "அண்ணே, மேல் மாடி வாடகைக்குக் கெடைக்குமா?" நான் தலையைக் குனிந்துகொண்டு ஆணி அடித்தேன்.

அன்று சாயங்காலம் பூனை கத்தவில்லை. பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்து சாப்பிட்டது. மருந்து வைத்தார்கள், எலிகள் செத்தன. பூனை பிழைத்துக்கொண்டது.

இனிமேல் எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அந்த பஸ் எங்கள் சிம்பாங்கில் நிற்பதில்லை, இறங்க ஆள் இல்லை. ஆனாலும் அது கடந்துபோன கொஞ்ச நேரத்தில் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும். ரோட்டில் யாரோ நடந்து வருவதைப் பார்ப்பதுபோல் அதன் தலை மெல்லத் திரும்பும். கேட் வரைக்கும் வந்தாயிற்று என்றதும் பலகையிலிருந்து இறங்கி, வலையில் உடம்பை உரசிக்கொண்டே வாசற்படி வரை கூட நடக்கும். அவசரப்படாது. வேலை முடிந்து கால் வலியோடு வருகிறவளின் நடைக்கு ஏற்ற நடை அது. வாசலில் நின்று, அவளுக்கு மட்டுமே கொடுக்கும் அந்தச் சின்னச் சத்தத்தைக் கொடுக்கும்.

நான் அந்த நேரத்தில் நடைபாதையில்தான் நிற்பேன். பூனை நெருங்கி வரும்போது ஒதுங்கி வழி விடுவேன்.

நேற்று என்னை அறியாமல், "வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் இருந்தவரை நான் கேட்டதில்லை. பூனை தலையைத் தூக்கி, என்னைத் தாண்டி, திறந்திருந்த கதவுக்குள் பார்த்தது. வெகுநேரம் நான் அந்தக் கதவைச் சாத்தவில்லை.

எழுதிய நாள்: ஆடி அமாவாசை.