இருபத்து நாலாவது பதில்

அன்றைக்குக் காலையிலிருந்தே என் வலது முழங்கால் விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேட்டவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "மாத்திரை ஏதாவது போட்டிருந்தியா?" என்பதுதான். போட்டிருந்தேன். ஒன்றே ஒன்று, மதியம் பன்னிரண்டரைக்கு. வலி மாத்திரையால் வலி குறையும். இல்லாத குரல் காதில் விழாது. குடிக்கவும் இல்லை. நான் பதினெட்டு வயதில் நிலக்கரி வெட்ட இறங்கியவன். இருபத்தாறு வருடம் மண்ணுக்கு அடியில் கிடந்திருக்கிறேன். எலி ஓடுகிற சத்தம் எது, கூரை இறங்குகிற சத்தம் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யாராவது பேய் கீய் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள்.

ஆனாலும் இது நடந்தது. நவம்பர் பதினான்கு, வியாழக்கிழமை. வெளியே நல்ல வெயில்.

எங்கள் பள்ளத்தாக்கில் கரி வெட்டுவதை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஹெல்மெட் மாட்டிவிட்டு, சரிவில் இருநூற்றுப் பன்னிரண்டு படி இறக்கி, மூன்றாம் தடம் என்கிற சுரங்கப்பாதை வரை காட்டிவிட்டு, திரும்ப மேலே ஏற்றிவிட வேண்டும். அதுதான் என் வேலை. முன்பு கரி ஏற்றினேன், இப்போது ஆள் ஏற்றுகிறேன்.

அந்த வேலையும் அப்போது நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்டோபரில் ஒரு ஜோடி படம் எடுக்கிறேன் என்று பின்தங்கிவிட்டது. நான் சரியாக எண்ணாமல் கதவைப் பூட்டிவிட்டேன். இருபது நிமிடம் உள்ளே கிடந்து கத்தியிருக்கிறார்கள். இன்னொரு தடவை எண்ணிக்கை தப்பினால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடு என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில், இந்தக் காலை வைத்துக்கொண்டு, நான் வேறு எங்கே போவேன்?

என் இடத்தின் மேல் கண் வைத்திருந்தவன் தாமியான். நாற்பது வயது. இங்கே வருமுன் செருப்புக் கடையில் நின்றவன். ஒரு கூடை கரி வெட்டியதில்லை. படம் எடுப்பவர்களுக்காகக் கன்னத்தில் கரியைப் பூசிக்கொண்டு நிற்பான்.

அன்று மூன்று மணிக்குக் கடைசிக் குழு. விளக்கறையில் அவன் ஆரம்பித்தான்.

"என்ன பெரிசு, இன்னைக்கு எத்தனை பேர உள்ள வச்சுப் பூட்டப் போறே?"

"ஒருத்தனைத்தான். நீ வர்றியா?"

விளக்கு எடுத்துக் கொடுக்கிற ஸ்டென்கா சிரித்தாள். அவளும் நானும் ஒரே பள்ளிக்கூடம். "தாமியான், நீ மொதல்ல மூஞ்சியக் கழுவு. உன் கரி வேர்வையில ஒழுகுது. இந்தா ஆல்பின், இருபத்து மூணு ஹெல்மெட். ரெண்டு தடவ எண்ணிட்டேன். நீயும் எண்ணிக்கோ."

எண்ணினேன். இருபத்து மூன்று. மரிபோர் நகரத்துப் பக்கமிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வாயாடிகள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டே இறங்கினார்கள். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று தலைகளை எண்ணினேன்.

மூன்றாம் தடத்தின் கடைசியில் ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. அதற்கு மேல் வழி கிடையாது. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுதான் நான் விளக்கை அணைக்கச் சொல்வேன்.

எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. "ஸ்ரெச்னோ" என்போம். நல்லபடியாகப் போய் வா என்று அர்த்தம். கடையில், தெருவில், கல்லறையில், எங்கேயும் அதுதான். ஒருவர் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். சுரங்கத்துக்குள் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. விளக்கு அணைந்துபோனால், தூசியில் கண் தெரியாமல் போனால், மேஸ்திரி "ஸ்ரெச்னோ" என்று குரல் கொடுப்பார். கடைசி ஆளிலிருந்து ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்வார்கள். மேஸ்திரி விரலை மடக்கி எண்ணுவார். பதில் சொன்ன ஆள் உயிரோடு இருக்கிறான். அவனை மேலே கொண்டுவராமல் மேஸ்திரி மேலே வரக்கூடாது.

வந்தவர்களுக்கு இதைச் செய்து காட்டுவேன். எல்லோருக்கும் பிடிக்கும்.

மணி 3:38. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"விளக்க அணைங்க."

அணைந்தது. கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியாத இருட்டு.

"ஸ்ரெச்னோ," என்றேன்.

கடைசியிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு பெண். ஒரு கட்டைக் குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒருவர். இருமிக்கொண்டே ஒருவர். நான் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். இருபது... இருபத்தொன்று... இருபத்திரண்டு... இருபத்து மூன்று.

முடிந்தது.

"...ஸ்ரெச்னோ."

இருபத்து நாலு.

மரிபோர்க்காரர்கள் அந்த வார்த்தையை இழுத்துப் பாடுகிற மாதிரி சொல்வார்கள். இது அப்படி இல்லை. கடைசி எழுத்தை விழுங்கிச் சொன்ன குரல். எங்கள் பள்ளத்தாக்குக்காரன் மட்டும்தான் அப்படிச் சொல்வான்.

அது என் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது.

நான் வாயே திறக்கவில்லை. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு விளக்கைப் போட்டேன். மணி 3:39.

தலைகளை எண்ணினேன். இருபத்து மூன்று. பின்னால் திரும்பினேன். சுவர்தான். சுவரின் மேல் மூலையில் ஸ்பீக்கர் பெட்டி. வெடிச் சத்தம் போட்டுக் காட்டலாம் என்று தாமியான் செப்டம்பரில் மாட்டியது.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இது அவன் வேலை. என்னை எண்ண விட்டு, எண்ணிக்கையைக் குழப்பி, பதற வைத்து, நான் உளறுவதை வைத்து என்னைத் துரத்தப் பார்க்கிறான். அப்படித்தான் நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் மேலே ஏற்றினேன்.

4:07. இருபத்து மூன்று ஹெல்மெட்டும் திரும்பி வந்தன. தாமியான் மேசை மேல் உட்கார்ந்து ரொட்டியில் சாசேஜ் வைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா, எங்கேயிருந்து பேசினே?"

"யாரு?"

"நடிக்காதே. ஸ்பீக்கர்ல யாரைப் பேச வச்சே?"

அவன் மென்றபடியே ஸ்டென்காவைப் பார்த்தான். ஸ்டென்கா என்னைப் பார்த்தாள்.

"ஸ்பீக்கரு செவ்வாக்கெழமையே ரிப்பேருக்குப் போயிடுச்சே, ஆல்பின். அங்க தொங்குறது வெறும் கூடு."

"பெரிசுக்குக் காதும் போச்சா?" என்றான் தாமியான்.

வருகைப் புத்தகத்தில் "அனைவரும் மேலே" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தேன். கை போகவில்லை. டிக்கெட் எடுக்காமல் எவனாவது பின்னாலேயே இறங்கியிருந்தால்? ஹெல்மெட் இல்லாமல், விளக்கு இல்லாமல், அந்த மூலையில் குடித்துவிட்டுக் கிடந்தால்? எங்கள் ஊர்க்காரனுக்கு உள்ளே நுழையப் பழைய காற்றுவழி எல்லாம் தெரியும். பூட்டிவிட்டுப் போனால் விடிவதற்குள் விறைத்துவிடுவான். வாயைத் திறந்து சொன்னாலோ தாமியான் சிரிப்பான். நாளைக்கு அலுவலகம் முழுக்கச் சிரிக்கும். அப்புறம் சாவியை வைத்துவிட வேண்டியதுதான்.

"என் பிளாஸ்க்க மறந்துட்டேன்," என்றேன்.

தனியாக இறங்கக்கூடாது என்று சட்டம். ஸ்டென்கா ஒரு விளக்கை எடுத்து நீட்டினாள்.

4:21-க்கு இறங்கினேன்.

தண்ணீர் சொட்டுகிற சத்தம் எப்போதும் இருக்கும். அன்று அது இரண்டாம் தடத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் என் பூட்ஸ் சத்தம் மட்டும்தான். நான் நின்றேன். அதுவும் நின்றது.

ஒரு அடி தாமதமாக நின்றது... என்று தோன்றியது. எதிரொலி என்று சொல்லிக்கொண்டேன்.

4:34. மூன்றாம் தடம்.

விளக்கை எல்லா மூலையிலும் அடித்துப் பார்த்தேன். ஆள் இல்லை. ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டினேன். வெறும் கூடுதான்.

அந்தச் சுவர் வருடம் முழுக்க நனைந்திருக்கும். உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும். அதன் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

காய்ந்திருந்தது.

சூடாக இருந்தது. ரொட்டி அடுப்பின் பக்கவாட்டில் கை வைத்த மாதிரி.

"யாரு உள்ள?"

விளக்கை மறுபடி ஸ்பீக்கர் கூட்டின் மேல் அடித்தேன்.

"தாமியான், நீயா இருந்தா இப்பவே சொல்லிடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்கு இருட்டில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும்.

"ஸ்ரெச்னோ," என்றேன்.

டக்.

சுவருக்கு அந்தப் பக்கம். என் இடுப்பு உயரத்தில். உட்கார்ந்திருக்கிறவன் தட்டுகிற மாதிரி.

டக்... டக்.

"...ஸ்ரெச்னோ."

என் கை இருந்த இடத்துக்கு நேரே.

ஓடினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு படி.

4:41-க்கு மேலே நின்றேன். "23. அனைவரும் மேலே." எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பிளாஸ்க் எங்க?" என்றாள் ஸ்டென்கா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கை ஏன் இப்படிச் சிவந்திருக்கு?" என்றாள்.

"கம்பியப் புடிச்சு ஏறினேன்."

அவள் நம்பவில்லை. நான் கதவைப் பூட்டப் போனேன்.

ஒன்பது நாள் கழித்து அந்த ஆசிரியர்களில் ஒரு அம்மாள் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். இருட்டில் நாங்கள் குரல் கொடுத்ததைப் போனில் பதிவு செய்திருக்கிறார். நன்றாக இருந்தது, நீங்களும் கேளுங்கள் என்று எழுதியிருந்தார். ஸ்டென்கா கணினியில் போட்டாள். தாமியானும் நின்றான்.

என் குரல். பிறகு பதில்கள். மூன்று பேரும் எண்ணினோம். இருபத்து மூன்று.

அடுத்து நான் கேட்ட அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். அது பதிவில் இல்லை. நாலு விநாடி அமைதி. அதன் பிறகு என் குரல், மெதுவாக:

"இரு, லொவ்ரோ. எண்ணிட்டேன்ல. சொவத்த இடிச்சிட்டு வர்றேன்."

நான் அதைச் சொல்லவில்லை. லொவ்ரோ என்று எனக்கு யாரையும் தெரியாது.

தாமியான் சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. "கொரலு உன்னுதுதான் அண்ணே," என்றான். என்னை அவன் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஆனா நீ இப்படிப் பேச மாட்டியே."

ஞாயிற்றுக்கிழமை அதைப் போனில் ஏற்றிக்கொண்டு முதியோர் இல்லத்தில் இருக்கிற என் அம்மாவிடம் போனேன். எண்பத்தொன்பது வயது. காது கூர்மை, நாக்கு அதைவிட. அன்று முட்டையும் மாவும் ஊற்றிச் சுட்ட அடை போட்டிருந்தார்கள். சுரங்கக்காரன் சூரியன் என்போம் அதை.

"இத மனுசன் திம்பானா? செருப்புத் தோலாட்டம் சுட்டு வச்சிருக்காளுவ," என்றாள்.

போனை அவள் காதருகே வைத்தேன். கடைசி வரை கேட்டாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது எங்க கெடச்சுது உனக்கு?"

"நான் பேசினதும்மா. போன வாரத்துக்கு முந்தின வாரம்."

"நீ இல்லடா. இது உங்கப்பா."

அப்பா இறந்தது 1988-ல். அவர் குரலை யாரும் பதிவு செய்ததில்லை.

"யாரும்மா லொவ்ரோ?"

தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அம்பத்தொம்பதுல உள்ள தீப்பிடிச்சுதுடா. உங்கப்பா மேஸ்திரி. பதினோரு பேரு அவருகிட்ட. பொகையில ஒண்ணும் தெரியல. ஸ்ரெச்னோன்னு கேட்டாரு. பதினோரு பதிலு வந்துச்சு. எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லிட்டாரு. உடனே தீய அடைக்க சொவரு வச்சுட்டாங்க."

"சரி."

"மேல வந்து பாத்தா பத்து பேரு. லொவ்ரோவக் காணோம். எவனோ ஒருத்தன் பயத்துல ரெண்டு தடவ பதில் சொல்லியிருக்கான். எவனும் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. உங்கப்பா சொவத்த இடிக்கறேன்னு கடப்பாரையத் தூக்கிட்டுப் போனாரு. நாலு பேரு அமுக்கிப் புடிச்சுட்டாங்க. இடிச்சா காத்து போயி மொத்தமும் எரியுமாம். தீ அடங்கினப்பறமும் மேலதிகாரிங்க தொறக்க உடல."

"வெளியில யாருக்கும் தெரியலையா?"

"லொவ்ரோ எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்கு ஓடிட்டான்னு எழுதிட்டாங்க. அந்தக் காலத்துல தெனம் நாலு பேரு ஓடினாங்க. யாரு கேக்கப் போறா? அவன் பொண்டாட்டி ஏழு வருசம் கடுதாசிக்காகப் பாத்துட்டிருந்தா."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அவன் பதில் சொன்னானா?"

"சொன்னான்."

"நீ எண்ணினியா?"

"எண்ணினேன்."

அந்தச் சுவரை இடிக்கச் சொல்லி இதுவரை மூன்று மனு கொடுத்திருக்கிறேன். எதற்கும் பதில் வரவில்லை. குழுக்களைக் கூட்டிக்கொண்டு இன்னமும் தினமும் இறங்குகிறேன். மூன்றாம் தடத்தில் விளக்கை அணைக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். அந்தக் குரல் என்ன, சூடு எங்கிருந்து வந்தது, என் வாயில் யார் பேசினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. என் அப்பா ஒரு ஆளை உள்ளே விட்டுவிட்டு, வந்ததாக எண்ணினார். நான் அதே ஆளை எண்ணிவிட்டு, விட்டு ஓடி வந்தேன். லொவ்ரோ என்ற அந்த மனிதரை மேலே கொண்டுவருவது எங்கள் வீட்டுக் கடன். அது இன்னும் தீரவில்லை.