ஐம்பதாவது வாரம்

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட பிறகுதான் நான் கடலைப் பற்றி அடிக்கடி நினைக்கத் தொடங்கினேன். கோலசிலாங்கூர் கடல் எங்களுக்கு அப்படியொன்றும் தூரமில்லை. காற்று திரும்பினால் சேற்று வாசனை ரப்பர் மரங்களுக்குள் வரும். ஆனால் அது அவசரகாலம், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த நேரம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அங்கங்கே வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயங்களைப் பிரித்து, வேலிக்குள் நெருக்கி நெருக்கிக் கட்டியிருந்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் எங்கள் விளக்குச் சுடரே அசைவது போலிருக்கும். நானும் அவரும் கூச்சக்காரர்கள். உப்பு போதுமா என்பதைக்கூடக் கண்ணால்தான் கேட்டுக்கொள்வோம். இவர் குரலை நான் முழுதாகக் கேட்டதே இல்லையே என்று மரம் சீவும்போது தோன்றும்.

வேலியும் லயமும் கட்டிய கண்டிராக்டர், மிஞ்சிய பலகையையும் தகரத்தையும் வைத்துக் கடலோரத்தில் கால் நட்டு ஒரு வீடு கட்டினார். ஐம்பது பங்கு. ஒரு பங்கு வாங்கிய குடும்பத்துக்கு வருஷத்தில் ஒரு வாரம் வீடு முழுதும் சொந்தம். மீதி இரண்டு வாரம் பழுதுபார்க்க. பங்கு வாங்கியவர்களுக்கு ஒரு சங்கம், அதற்கு ஐந்து பேர் கமிட்டி. ஐம்பதும் விற்றுத் தீரும்வரை கமிட்டியில் மூன்று பேர் கண்டிராக்டரின் ஆட்கள், இரண்டு பேர் நாங்கள். தீர்ந்துவிட்டால் ஐந்து பேரும் நாங்களே. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பத்திரத்தைப் படித்துச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம்.

நாங்கள் வாங்கிய பங்குக்கு இலை கொட்டும் மாதத்தில் ஒரு வாரம் கிடைத்தது. பால் குறைவாக இருக்கும் நேரம், லீவு கேட்பது சுலபம். போய்ப் பார்த்தால் கடலைப் பார்த்த அறைக்குப் பூட்டு. கண்டிராக்டரின் விருந்தாளிகளுக்கு என்று கமிட்டி தீர்மானம் போட்டிருப்பதாகக் காவல்காரர் சொன்னார். நடு அறையில் கண்டிராக்டருடைய லோரிக்காரர்கள். எங்களுக்குப் பின்னறை. அங்கேயும் பலகைச் சுவர், அங்கேயும் இருமல்.

ஒரு மத்தியானம் பூட்டிய கதவின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே கூரைத் தகரத்தில் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்குத் திரும்பிய பிறகும் அந்த வெளிச்சம் என்னோடு வந்தது. விடியலில் பால் கோப்பைகளைத் துடைக்கும்போது, ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் அது இருப்பதாக நினைத்துக்கொள்வேன். அந்த அறையில் ஒரு நாள், அவரும் நானும் மட்டும். வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

நாற்பத்தொன்பது பங்கு விற்றுவிட்டது. மிச்சமிருந்தது வருஷக் கடைசியில் பெரிய தண்ணீர் ஏறும் வாரம். கடல் வீட்டுக்கு அடியிலேயே வந்துவிடும்.

"அந்த வாரத்த வாங்க மீனாப் பொறந்திருக்கணும்லா" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

சிரித்துவிட்டு மரத்துக்குப் போனேன். ஒரு மரம், ஒரு வாரம் என்று எண்ணிக்கொண்டே சீவினேன். ஐம்பதாவது மரத்தில் கத்தி நின்றது. அந்த வாரம் விற்காதவரை கமிட்டியில் கண்டிராக்டரின் மூன்று பேர் மூன்று பேர்தான். விற்கவேண்டும் என்று கண்டிராக்டரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

சங்கக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. கிராணிக்கு வேறு முறை தெரியாது. காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பதுபோலவே ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். எழுந்து "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்காரவேண்டும். பெரட்டில் அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லையே, கூட்டத்திலும் அப்படித்தான். கண்டிராக்டர் எல்லாருக்கும் சரிதானே என்பார், பேசாமல் இருப்போம், தேத்தண்ணி வரும்.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குக் கேட்டில் காவல் முறை. பங்கு அவர் பேரில் இருந்ததால் அவர் பேரைத்தான் கூப்பிட்டார்கள். நான் எழுந்து "இருக்கேன்" என்றேன்.

"எப்பலேருந்தும்மா இது உம் பேரு?" என்றார் கண்டிராக்டர்.

பள்ளிக்கூடமே சிரித்தது. வெட்கத்தில் எனக்கு உட்கார மறந்துவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகும் நின்றுகொண்டிருந்தேன். கிராணி தலையைத் தூக்கி, ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டார்.

"அந்தத் தண்ணி வாரத்த எங்களுக்குக் குடுங்கய்யா. எங்க வாரத்த வேற யாருக்காச்சும் எழுதிருங்க" என்றேன், சிமெண்டுத் தரையைப் பார்த்தபடி.

"அது பலகை மாத்துற வாரம்மா. விக்கிறதில்ல" என்றார் கண்டிராக்டர்.

"பலகை மாத்தத்தான் ரெண்டு வாரம் தனியா இருக்கேய்யா."

கிராணி பத்திரத்தைப் புரட்டினார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது. ஐம்பதும் விற்பதற்குத்தான் என்று எழுதியிருப்பதாக, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

அக்கா எழுந்துவிட்டாள். "இவ வாரத்த எம் மகளுக்கு எழுதுங்க கிராணி ஐயா. அவளுக்குத்தான் ஒண்ணும் இல்ல. இப்பவே எழுதுங்க, மை காயட்டும்."

கண்டிராக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணிக்கு நடுவுல போயி என்னம்மா பண்ணப் போறீங்க ரெண்டு பேரும்?"

அப்போதுதான் எனக்கு உட்கார ஞாபகம் வந்தது; கிராணி இரண்டு வாரத்தையும் எழுதி முடித்திருந்தார்.

ஐம்பதும் விற்றுத் தீர்ந்துவிட்டதால், அடுத்த கூட்டத்தில் கமிட்டி ஐந்து பேரும் எங்கள் ஆட்கள். அக்காவும் அதில் ஒருத்தி. முதல் தீர்மானம் பூட்டைத் திறப்பது, இரண்டாவது லோரிக்காரர்களை வேறு இடம் பார்க்கச் சொல்வது.

வருஷக் கடைசியில் நாங்கள் புறப்பட்டோம். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோகக் கூடாது என்பதால் கேட்டில் பாயைப் பிரித்து உதறிப் பார்த்தார்கள். போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. மத்தியானத்துக்குள் கடல் மெதுவாக வீட்டுக்கு அடியில் வந்தது. பலகை இடுக்குகளில் அது மின்னுவது தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. கூரைத் தகரத்தில் அதே வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். மழை மூட்டத்தில் அது இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

அவர் ஜன்னலைத் திறந்தார். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்காதோ என்று நினைத்து, உரக்கச் சொன்னார்: "தண்ணி ஏறுது."

அவர் குரல் இவ்வளவு பெரியதா என்று ஒரு நிமிஷம் அவரையே பார்த்தேன். பிறகு நானும் உரக்கச் சொன்னேன்.

"ஏறட்டும்."