முதல் குழை முறித்தவர்

சுவர்த்தாள் சுருளைப் போகிற வீட்டு ஹோலின் நடுவில் வைத்து, முழங்காலால் தள்ளிக்கொண்டே போகிறார் பரமேஸ்வரன். பூப்போட்ட பக்கம் கம்பளத்தில் கவிழ்ந்து கிடக்க, வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் கீறிய ஓர் ஊர் விரிகிறது: குளம், வாய்க்கால், சந்தி, சங்கக்கடை. சுருண்டு வரும் மூலைகளுக்குப் பாரம் வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்பதில்லை. பருப்பு டின், பிள்ளையின் சப்பாத்து என்று கைக்கு எட்டியதை எடுத்து வைத்துவிடுவார்.

லண்டனில், ஸ்ட்ரெதத்தில் தபால்காரர். தபால் போடும் தெருக்களிலும் கிழவிகளை மறித்து, இந்த ரோட்டில் முதலில் எழும்பிய வீடு எது என்று தன் ஆங்கிலத்தில் விசாரிப்பார். ஒருத்தி, தன் பாட்டி காலத்தில் அங்கே மாடு மேய்ந்தது என்றாளாம். "பாருங்கோ, லண்டனிலயும் ஆரோ ஒராள் முதல் வந்துதான் இருந்திருக்கு" என்று அதைப் போகிற வீடெல்லாம் சொல்லித் திரிந்தார்.

சுவர்த்தாளில் இருப்பது பாலையடிக்குளம். ஐம்பதுகளில் வன்னிக் காட்டை வெட்டி, யாழ்ப்பாணத்தாருக்கு அரசாங்கப் பெர்மிற்றில் காணி கொடுத்துக் குடியேற்றிய ஊர். போரில் சனம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பிவிட்டது; இப்போது அங்கே அடுப்பெரியும் வீடு இல்லை. லண்டனில் வெஸ்ட் ஈலிங், குட்மேய்ஸ் என்று சிதறியவர்களை லீவு நாட்களில் தேடிப்போய், அவரவர் வீட்டைப் படத்தில் கீறி வருகிறார்.

எல்லோரிடமும் ஒரே கேள்விதான். வன்னிக் காட்டுக்குள் போகிறவர் இலையோடு பச்சைக் குழையொன்றை முறித்து மரத்தடியில் போட்டு, காவல் வேண்டிக் கும்பிட்ட பிறகே உள்ளே கால் வைப்பார். "எங்கட ஊரில முதல் குழை முறிச்சது ஆர்?" கேட்ட வீட்டிலெல்லாம் கிடைத்த பதில்: எங்கட அப்பா. "ஏழு பேர் முதலாவதா வந்திருக்கினம்" என்பார் பரமேஸ்வரன், சிரிக்காமல். எட்டாவது ஆள் அவருடைய தகப்பனார் செல்வரத்தினம். அதை மட்டும் அவர் யாரிடமும் விசாரித்ததில்லை.

ஊர்ச்சங்கம் இந்த வருஷம், தொண்ணூற்றெட்டில், நினைவு மலர் போடுகிறது. நடுப்பக்கத்தில் படம், அதன் கீழே ஊரைத் தொடக்கியவர் என்று ஒரே ஒரு பெயர். "படம் கீறினவரின்ர அப்பாவைப் போட்டால் ஒருத்தரும் வாய் திறக்கேலாது" என்று செயலாளர் ஸ்ரீஸ்கந்தராஜா முடிவு கட்டிவிட்டார். பரமேஸ்வரன் மறுக்கவில்லை. தகப்பன் கட்டிய வீடு இடிந்துவிட்டது. அவரை எரித்த இடம்கூடத் தெரியாது. பெயராவது ஓர் இடத்தில் நிற்கட்டும் என்றிருந்தார்.

அச்சுக்குக் கொடுக்குமுன் கடைசி வீடு, குட்மேய்ஸில் அமராவதியின் வீடு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். ஊரில் வாய்க்காலுக்கு அப்பால் இருந்தவர்கள். படத்தில் அந்தப் பக்கம் இன்னும் வெறும் வெள்ளை. படத்தைக் கையோடு வாங்கிப் போகச் செயலாளரும் வந்திருந்தார்.

"நீங்க கேக்குறது புரியலைங்க" என்றார் அமராவதி. "நீங்கல்லாம் வரும்போது குழை முறிக்க அங்க மரம் ஏது? காடு வெட்டிக் கட்டை பொறுக்கினதே நாங்கதானே. எங்கம்மா முறிச்சுப் போட்டுக் கும்பிட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வீரை மரத்துக் குழை."

"அக்கா, நாங்கள் பெர்மிற் எடுத்த ஆக்களைத்தான் பாக்கிறம்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"பாருங்க. பெர்மிட்ட வச்சு மரம் வெட்ட முடியுமாங்க?"

பரமேஸ்வரன் முகத்தில் கோபம் இல்லை. பழகிய தெருவில் புது வீட்டு நம்பர் ஒன்றைக் கண்ட தபால்காரரின் முகம். "எவடத்தில இருந்தனீங்கள், அக்கா?"

அமராவதி குனிந்து விரலை வைத்தார். விரலின் கீழே செல்வரத்தினத்தின் பெயர். "இந்த மேட்டுல. வெள்ளம் ஏறாதுன்னு அம்மா பாத்துப் போட்ட குடிசை. உங்கப்பா வந்ததும் நாங்க வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போயிட்டோம்."

"போகச் சொன்னவரோ?" என்று கேட்டார் பரமேஸ்வரன்.

"சத்தமெல்லாம் போடலங்க. பெர்மிட்டக் காட்டுனாங்க."

"அண்ணை, சுருட்டுங்கோ" என்றார் செயலாளர். "அச்சகத்தில பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். இனி மாத்தேலாது."

பரமேஸ்வரன் கோட்டுப் பையைத் துழாவி அழிறப்பரை எடுத்தார். மேட்டில் எழுதியிருந்த தகப்பனின் பெயரைத் தாள் கிழியாமல் மெதுவாகத் தேய்த்தார். தூளை உள்ளங்கையால் வழித்தார்.

"அம்மாவின்ர பேர்?"

"பவளக்கொடி."

எழுதினார். பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் கீறினார். பென்சில் நுனியை அதன் மேலேயே பிடித்தபடி நிமிர்ந்து கேட்டார்:

"வாசல் எந்தப் பக்கம் வச்சிருந்தவ?"