வேலிக்கு ஒரு பிரிவு

"உங்கம்மா வெட்டுன வேலியத்தானே எண்ணிக்கிட்டு நிக்கிறே? இதுக்கா அம்மணி இத்தன படிச்சே?"

கிணத்துக்கடவுக்கு அருகே அம்மா கூலிக்குப் போகும் தோட்டத்துக்காரர் கேட்டார். அவருடைய மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை மரங்களாலான உயிர்வேலி இருந்தது; அதன் கிளைகளை வெட்டிச் சீராக்குவது அம்மாவின் வேலை. அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுவதற்கு அந்த மாதமே ஆளுக்குச் சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது உயிர்வேலிகளில் வாழும் உயிரினங்களை ஆராய்கிறேன். "அம்மா வெட்டுனதாலதானுங்க இந்த வேலிய எனக்குத் தெரியும்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

ஒரு வாரம் தினமும் காலையில் அவருடைய வேலியையும் பக்கத்துத் தோட்டத்தின் கம்பிவேலியையும் ஒரே அளவு நேரம் பார்த்தேன். கம்பியில் ஒரு கரிச்சான் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. கிளுவையிலோ கவுதாரி, கீரி, ஓணான், தேன்சிட்டின் கூடு. பட்டியலை அவரிடம் கொடுத்தேன்.

அதைப் படித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பச்சப்பாம்ப உட்டுப்போட்டியே! என்ற வேலியிலதான் கெடக்குது." பிறகு கம்பிவேலிக்காரருக்குப் போன் போட்டார். "இப்போதைக்கு வேண்டாமுங்க. உள்ள ஆளுக குடியிருக்குதுங்க."

ஒரு வேலி தப்பியது. ஆனால் எங்கள் பஞ்சாயத்தின் பல்லுயிர்ப் பதிவேட்டில் காடு, குளம், வயலுக்கெல்லாம் பிரிவு உண்டு, வேலிக்கு இல்லை. பதிவேட்டில் இல்லாத ஒன்றைக் காப்பாற்றுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? உயிர்வேலிக்கும் ஒரு பிரிவு வேண்டுமென்று மனு எழுதினேன். தோட்டத்துக்காரரும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். நேற்று அதைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.