மொறட்டுவையிலிருந்து வந்த கட்டை

1. கடைசி ஆள்

கிளினிக் நாளில் வரிசையின் முன்னால் நிற்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. தடுப்பூசி, நிறை, இரும்புச்சத்து மாத்திரை, அவ்வளவுதான். எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் நிற்பாளே ஒருத்தி, அவளைத்தான் கவனிக்க வேண்டும். "ஒண்ணுமில்ல மிஸ்ஸி, சும்மா வந்தேன்" என்பாள். மலை ஏறி இறங்கிச் சும்மா வந்து பார்க்க என் கிளினிக் என்ன தேர்த் திருவிழாவா?

நான் குடும்பநல மருத்துவ மாது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்து, சமீபத்தில் ஓய்வு பெற்றேன். உத்தியோகப் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் நான் மிஸ்ஸிதான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் பிரசவக் கதை கேட்கிறார்கள். அது எல்லா மிஸ்ஸிகளிடமும் கிடைக்கும். இந்தக் கதை கிடைக்காது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், யாரென்று ஊகித்து மூளையைக் கசக்க வேண்டாம்.

அன்று கடைசியாக நின்றவள் கௌரி. கொழுந்து பறிப்பவள், கல்யாணமாகி இரண்டு வருடம். புருஷன் ரவிக்கு கொழும்புக்குப் பக்கத்தில் மொறட்டுவையில், மேசை நாற்காலி செய்யும் ஒரு தளபாடப் பட்டறையில் கடைசல் வேலை. தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில்தான் எங்கள் கிளினிக் நடக்கும். கடைசிக் குழந்தையும் ஊசி போட்டு, அழுது, வெளியே போன பிறகு கௌரி வாயைத் திறந்தாள்.

"நெருப்ப வச்ச மாதிரி எரியுது மிஸ்ஸி."

"எங்க?"

தரையைப் பார்த்தாள். எனக்கு விளங்கியது.

"அவருதான் மிஸ்ஸி. கொழும்புப் பக்கம் எங்கயோ போயி சீக்க வாங்கியாந்து எனக்குக் குடுத்துட்டாரு. ஒரு கிழமையா, ஏழெட்டு நாளா, விட்டு விட்டு எரியுது. நான் அவரு போன எடுக்குறதே இல்ல. ஞாயித்துக்கிழம நோர்வூட்டுல இருந்து எங்கண்ணன் வருது. கெளம்பிப் போயிருவேன். இனிமே அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். எனக்கும் ரவி மேல் கோபம் வந்தது. ஆனால் அந்த 'விட்டு விட்டு' என்னை உறுத்தியது. நோய் என்ன, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வராமல் இடையிடையே லீவு போடுமா?

"ஏதாச்சும் மருந்து பூசுனியா?" இல்லை. "சோப்ப மாத்துனியா?" இல்லை. "உள்ள ஏதாச்சும் வச்சியா?" இந்தக் கேள்வியைக் குழம்புக்கு உப்பு போட்டாயா என்று கேட்கிற குரலில்தான் கேட்க வேண்டும். கண்ணை விரித்துக் கேட்டால் அவள் செத்தாலும் சொல்ல மாட்டாள்.

வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "அவரு ஒண்ணு செஞ்சு குடுத்தாரு. மரத்துல."

கரட், மெழுகுதிரி, வாசனைப் போத்தல் என்று பலதையும் என் சேவைக் காலத்தில் பார்த்திருக்கிறேன். உள்ளே போனது வெளியே வராமல் ஆஸ்பத்திரி வரை போன கதைகளும் தெரியும். ஆனால் பெண்டாட்டிக்கென்று மரத்தைக் கடைந்து, பாலிஷ் போட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்தவனை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"அவரு வர மாசக்கணக்காவுதுல்ல மிஸ்ஸி..." என்று இழுத்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே. எங்க இருக்கு அது?"

"துணிக்குள்ள சுத்தி மேல் தட்டுல வச்சிருக்கேன்."

வார்னிஷ்தான் காரணம் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். எதற்கும் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தேன். "அத பையில போட்டுக்கிட்டு ரோட்டுல வராத. நாளைக்கு நானே வீட்டுக்கு வாறேன்" என்றேன்.

2. மாமியாரின் சம்பல்

மறுநாள் நான் போனபோது கௌரி மலையிலிருந்து இறங்கியிருக்கவில்லை. மாமியார் மாரியாயி இருந்தார். வாயும் கையும் ஓயாத மனுஷி. ஒரு அறை, ஒரு குசினி, பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே "நூறு வயசு" என்று சொல்லும் அளவு மெல்லிய சுவர். அந்த வீட்டில் ஒரு பொருளை ஒளித்து வைக்க அந்த மேல் தட்டைத் தவிர இடமில்லை.

"வாங்க மிஸ்ஸி. இருங்க, சம்பலுக்கு இடிச்சிட்டு பிளேன்டீ ஊத்துறேன்."

சின்னக் கல்லுரலில் காய்ந்த மிளகாயும் உப்பும் கிடந்தன. மாரியாயி கையில் செக்கச் சிவந்த மரக்கட்டை ஒன்று. முனை உருண்டு மழமழவென்றிருந்தது. பின்பக்கம் கைக்கு அடக்கமான அகலக் குமிழ். தேயிலைத் தோட்டத்து லயத்தில் அப்படி ஒரு அழகான இடிகட்டையை நான் கண்டதில்லை.

"இது ஏது, அக்கா?" என்றேன்.

"எம்மவன் செஞ்சது மிஸ்ஸி! மொறட்டுவ சாமான்." பெருமையில் இன்னும் நாலு குத்து குத்தினார். "இந்த மருமவ அத துணியில சுத்தி மேல வச்சிருக்கா. அம்மாக்குத் தெரியாம பொண்டாட்டிக்கு மட்டும் குடுத்திருக்கான் பாருங்க. கேட்டா சண்ட வரும். அதான் அவ மலைக்குப் போனதும் எடுத்து இடிச்சிட்டு, கழுவி, இருந்த மாதிரியே சுத்தி வச்சிருவேன்."

"எத்தன நாளா?"

"ஒரு கிழமையா. கொச்சிக்கா என்னமா மசியுதுங்கிறீங்க!"

அந்த நேரம் பார்த்துக் கௌரி வாசலில் வந்து நின்றாள். உரலைப் பார்த்தாள், மாமியாரின் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் உத்தியோக முகம் என்று ஒன்று இருக்கிறதே.

"அக்கா, இதுக்கு அடிச்சிருக்கிற வார்னிஷ் சாப்பாட்டுக்கு ஆகாது. குடுங்க, நான் கொண்டு போறேன்."

"ஒரு கிழமையா இதுலதானே இடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒங்களுக்கு ஆகல" என்றேன்.

கௌரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர்ப் பீலிப் பக்கம் ஓடினாள். அழுகிறாளோ என்று பின்னாலேயே போனேன். கல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்புறம்தான் அழுதாள்.

"நான் அவர என்னென்னமோ நெனச்சிட்டேன் மிஸ்ஸி."

"நெனச்சதோட நின்னுச்சே. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வா. மொதல்ல போன எடு."

கட்டையை என் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் கோயில் ஐயர். பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்த என்னைப் பார்த்து, "சம்பள நாளா?" என்று கேட்டார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை அடுப்பில் போட்டேன். நல்ல மரம், நின்று எரிந்தது.

3. மேசைக்கு அடிக்கிற பாலிஷ்

ஆஸ்பத்திரியில் நோய் எதுவும் இல்லை என்று சொன்னார்கள். எரிச்சலும் ஓரிரு நாளில் அடங்கியது. கௌரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அன்றைக்கே ரவி எனக்குப் போன் எடுத்தான். நன்றி சொல்ல எடுத்தவன் பேச முடியாமல் விம்மினான். ஒரு கிழமையாகப் பெண்டாட்டி ஏன் பேசவில்லை என்றே தெரியாமல் கிடந்திருக்கிறான். பாவமாகத்தான் இருந்தது. அதற்காகத் திட்டாமல் விட முடியுமா?

"என்ன பாலிஷ்டா அடிச்ச?"

"மேசைக்கு அடிக்கிறதுதான் மிஸ்ஸி. நல்ல பாலிஷ்."

"ஒம் பொண்டாட்டி மேசையாடா?"

மெதுவாக, "சிராய் இல்லாம தேய்ச்சேன் மிஸ்ஸி" என்றான். அந்தக் குரலில் இருந்த அக்கறையைக் கேட்டு என் கோபம் இறங்கிவிட்டது. பின்பக்கம் அகலமாக வைத்ததற்கு அவனைப் பாராட்டவும் செய்தேன். அது இல்லாவிட்டால் சில இடங்களில் பொருள் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பாவம், அந்தக் குமிழ்தான் அவன் அம்மாவுக்கு நல்ல பிடியாகவும் ஆகிவிட்டது.

புதுப் பிள்ளைகளுக்காக, அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பாலிஷ் போட்டாலும் மரம் ஈரத்தைக் குடிக்கும். மிளகாய், கிருமி, சோப்பு எதையும் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். மேலே கழுவினால் போகாது. அதனால் வெறும் மரம் கூடாது. ஒவ்வொரு தடவையும் புதுக் கொண்டம், அதாவது ஆணுறை, போட்டு, முடிந்ததும் கழற்றி எறிய வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசினால் கொண்டம் கிழிந்துவிடும். வீட்டிலே வயர் சுற்றி, பேட்டரி வைத்துச் செய்கிற வித்தைகள் வேண்டவே வேண்டாம். வலித்தால், எரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஒருத்தர் பாவிப்பதை இன்னொருத்தர் பாவிக்கக் கூடாது. குசினிச் சாமான் படுக்கைக்கும், படுக்கைச் சாமான் குசினிக்கும் போகக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை. மாரியாயிதான் எனக்குப் படிப்பித்தார்.

கௌரிக்கு கிளினிக்கில் கொண்டம் பாக்கெட் கொடுத்தேன். "அவருதான் ஊர்ல இல்லையே மிஸ்ஸி, பேர எழுதுறப்ப சிரிப்பாங்களே" என்றாள். "சிரிக்கிறவங்க என்கிட்ட வந்து கேக்கட்டும்" என்றேன்.

4. பூட்டு

ஞாயிற்றுக்கிழமை அண்ணன்காரன் வந்தான். தங்கையைக் கூட்டிப்போக வந்தவனுக்கு முதல் நாளே வந்து சேர்ந்திருந்த ரவி கோழி அடித்துச் சோறு போட்டான். என்ன சண்டை, எப்படித் தீர்ந்தது என்று அண்ணன் கேட்டதற்கு, மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்களாம்.

அடுத்த முறை வந்தபோது ரவி இரண்டு சாமான் கொண்டுவந்தான். அம்மாவுக்கு, பாலிஷ் போடாத, கனமான இடிகட்டை. பெண்டாட்டிக்கு, பூட்டு வைத்த சின்ன மரப்பெட்டி. சாவி கௌரியின் தாலிக்கொடியில் தொங்கியது.

அதற்குப் பிறகு எரிச்சல் என்று யார் வந்து நின்றாலும், வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. வீட்டில் என்ன இருக்கிறது, அதை யார் யார் எடுக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். சந்தேகப்படுவதற்கு அப்புறமும் நேரம் இருக்கும்.

சில மாதம் கழித்து மாரியாயி பிரஷர் பார்க்க வந்தார். அவரும் வரிசையில் கடைசியாகத்தான் நின்றார். புதுக் கட்டை எப்படி என்று கேட்டேன்.

"இடிக்குது. ஆனா பழசு மாதிரி கைக்குப் புடிப்பா இல்ல."

மாரியாயியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மருமவகிட்ட ஒரு பொட்டி இருக்கு மிஸ்ஸி. பூட்டு போட்டது."

"ஆமா, நகை வைக்கவா இருக்கும்."

"எந்த நகைய?" என்று சிரித்தார். "அவகிட்ட இருக்கிறதே கழுத்துல கெடக்குறதுதான்."

மானியின் முள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள என்னன்னு நான் கேக்கல மிஸ்ஸி. எங்க காலத்துல எனக்கு அப்பிடி ஒரு பொட்டி செஞ்சு குடுக்க யாரும் இல்லைன்னுதான் சொல்றேன்."