மூன்று மாடல், இரண்டு இன்ஜின்

கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அன்று முதல் ஒரே வண்டியின் மேல்தான் கண். இரண்டே கதவு வைத்த, குட்டையான பழைய ஸ்போர்ட்ஸ் கார். இப்போது கம்பெனி அதைத் தயாரிப்பதில்லை. மூன்று மாடல்களில் வந்தது. கீழ் இரண்டிலும் 1.4 லிட்டர் இன்ஜின். டாப் மாடலில் மட்டும் 1.6. ஒரு வருடமாக, சமைக்கும்போதுகூடப் போனில் அதன் வீடியோதான் ஓடும். எனக்கு 1.6 வேண்டும்.

கீழ்பென்னாத்தூரில் ஒன்று விலைக்கு வந்திருப்பதாக ஒரு புரோக்கர் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை நானும் கணவரும் பஸ் ஏறிப் போனோம். மணிலாக்கடலை மண்டியை ஒட்டிச் சிவப்பாக நின்றது. டிக்கியில் டாப் மாடலின் எழுத்து, நான்கு சக்கரத்திலும் டாப் மாடலுக்கே வரும் அலாய் வீல்.

"டாப் மாடல் சார். பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும், அதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துடுங்க," என்றார் புரோக்கர். கணவர் சட்டைப் பையில் கை வைத்தார்.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். பின்சக்கரத்தின் இடைவெளியில் குனிந்து எட்டிப் பார்த்தேன். 1.6 என்றால் பின்னாலும் டிஸ்க் பிரேக் இருக்கும். இதில் 1.4-க்கு வரும் டிரம் பிரேக். மறுபடி சுற்றினேன். டிரம்தான். வெளி ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வாய் வராது. சொன்னால் இந்த வண்டி கைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் தினமும் இதைத்தான் ஓட்ட வேண்டும். மூன்றாவது முறையும் சுற்றினேன்.

"இன்னா, கிரிவலம் வர்றியா?" என்றார் கணவர்.

"ஆர்.சி. புக்கைக் கேளுங்க," என்று அவர் காதோடு சொன்னேன். அவர் உரக்கக் கேட்டுவிட்டார். புக்கில் சிசி என்ற இடத்தில் 1390 என்று இருந்தது, அதாவது 1.4 லிட்டர். எழுத்தும் அலாயும் யாரோ பிறகு மாட்டியவை.

புரோக்கர் சிரித்தார். "அக்கா மெக்கானிக்கா? நம்ம ரோட்டுக்கு எந்த இன்ஜினா இருந்தா இன்னாக்கா? விலைய கம்மி பண்ணிக்கலாம்."

"கம்மி பண்றாராம். எடுத்துக்கலாமே, ஆசப்பட்ட வண்டிதான?" என்றார் கணவர்.

"இது அது இல்லீங்க. வேணாம்." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தது. "உக்காரேன்," என்றார் அவர். உட்கார முடியவில்லை. ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனில் விற்பனை வண்டிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி திருவண்ணாமலை வரை நின்றேன்.